லேக் பிடிக்கச் சொல்லும் தொளதொள ஷாஃப்ட் கிளப்: நான்கு மாதம் அடித்துப் பார்த்த பிறகு

நான்கு மாதமாக ஒரு தொளதொள ஷாஃப்ட் கோல்ஃப் பயிற்சிக் கிளப்பை, அதாவது நடுத்தண்டு வளைந்து ஆடும்படி செய்த ஒரு மட்டையை, வைத்து அடித்துவருகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கருவி நல்ல கருவி. வாங்கியதில் வருத்தம் இல்லை, யாராவது கேட்டால் வாங்கச் சொல்வேன். ஆனால் அதோடு வந்த விளக்கத் தாளை அப்படியே நம்பி ஆடினால் ஸ்விங், அதாவது கிளப்பை வீசும் முறை, கெட்டுப்போகும். என்னுடையது மூன்று வாரம் கெட்டுப்போயிருந்தது. இந்த இரண்டும் ஒரே பொருளைப் பற்றிய உண்மைதான் என்பதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. இந்த வகைக் கிளப்பைப் பலர் செய்கிறார்கள், அமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், நான் சொல்லும் நல்லதும் கெட்டதும் அந்த அமைப்பைச் சேர்ந்தவை.

பார்க்க எப்படி இருக்கும் என்றால், ஏழாம் அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான கிளப்) நீளம், அதாவது ஏறக்குறைய 37 அங்குலம். தலை சாதாரண அயர்ன் தலை. கிரிப்பும், அதாவது கைப்பிடியும், வழக்கமான ரப்பர் கிரிப். நடுவில் இருக்கும் ஷாஃப்ட்தான் விஷயமே. ஒரு கையில் பிடித்துத் தரைக்கு இணையாக நீட்டினால் தலை தன் எடை தாங்காமல் தொங்குகிறது. மணிக்கட்டை லேசாக அசைத்தால், கை ஒரு பக்கம் போய் நின்ற பிறகுதான் தலை அந்தப் பக்கம் வந்து சேருகிறது. தூண்டில் கோலை அசைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த உணர்வு உடனே புரியும். முனையில் கனமான பந்து வைத்த ஆரஞ்ச் விப் போன்ற கருவிகளும் இதே வளைவை வைத்துத்தான் வேலை செய்கின்றன, ஆனால் அவற்றைக் காற்றில் வீசிப் பார்க்கலாமே தவிர பந்தை அடிக்க முடியாது. இதில் நிஜப் பந்தையே அடிக்கலாம், நான் இதைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். காற்றில் வீசும்போது அழகாக வரும் ஸ்விங், முன்னால் ஒரு பந்தை வைத்தவுடன் வேறாகிவிடும். பந்து இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதைக் காட்டாத கருவி எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.

இனி லேக். புதிதாக ஆடுகிறவர்களுக்காக ஒரு பத்தி, தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். டவுன்ஸ்விங்கில், அதாவது கிளப்பைப் பந்தை நோக்கி இறக்கும்போது, கை முன்னால் போக, கிளப் தலை பின்தங்கி வருவதுதான் லேக். வலது கை ஆட்டக்காரரை வைத்துச் சொல்கிறேன், இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னால் தூக்குவது) உச்சியில் இடது முன்கைக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 90 டிகிரி இருக்கும். பென் ஹோகன், செர்ஜியோ கார்சியா போன்ற பெரிய ஆட்டக்காரர்களின் படங்களைப் பார்த்தால், இறங்கும்போது அந்தக் கோணம் விரிவதற்குப் பதிலாக இன்னும் குறுகும், கை இடுப்பருகே வந்த பிறகும் ஷாஃப்ட் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். நம்மில் பெரும்பாலோருக்குக் கை தோள் உயரத்தில் இருக்கும்போதே கோணம் அவிழ்ந்துவிடுகிறது. தூண்டிலை வீசுவது போல உச்சியிலிருந்தே தலையைப் பந்தின் மேல் எறிகிறோம், காஸ்டிங் என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது. பந்துக்கு வரும்போது தலை கையைத் தாண்டிவிடும், இடது மணிக்கட்டு பின்பக்கம் மடியும், ஷாஃப்ட் பின்னால் சாயும், லாஃப்ட், அதாவது தலையின் அடிக்கும் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, கூடிவிடும். பந்து உயர எழும்பித் தூரம் போகாமல் பொத்தென்று விழும். இல்லையென்றால் பந்துக்குப் பின்னால் மண்ணில் இடிக்கும். அதுவும் இல்லையென்றால் பந்தின் வயிற்றில் விளிம்பு பட்டு, தரையோடு சீறிக்கொண்டு ஓடும்.

என் குறை இதுதான், பல வருடமாக இதுதான். எட்டாம் அயர்ன் போகவேண்டிய தூரத்துக்கு ஏழாம் அயர்ன் போனது, குளிர்ந்த நாட்களில் விரல் மரத்துப்போகிற அளவுக்கு அடி வலித்தது.

முதல் நாள் பயிற்சி ரேஞ்சில் நடந்ததைச் சொல்கிறேன். பத்துப் பந்து. முதல் பந்தில் வழக்கம்போல உச்சியிலிருந்து இழுத்தேன். தலை எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியவில்லை. கிரிப் முன்னால் வந்துவிட்டது, தலை பின்னால் எங்கோ ஆடிக்கொண்டிருந்தது, பிறகு அதுவாகவே ஒரு சுற்றுச் சுற்றி வந்து பந்துக்கு ஒரு சாண் பின்னால் மண்ணைக் கொத்தியது. இரண்டாவது, மூன்றாவது பந்தும் அப்படியே. நான்காவதற்கு வேகத்தைப் பாதியாக்கினேன், அப்போதும் அதேதான். ஆறாவது பந்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். பேக்ஸ்விங் உச்சியில் தலை போய் முட்டி நின்று, ஷாஃப்ட் முதுகுப் பக்கம் வளைகிற அந்த ஒரு கணம் வரை காத்திருந்தால், அதன் பிறகு இறங்குவது முழுக்கத் தானாக நடக்கிறது. அந்த வளைவு கைக்கு எட்டுவதற்கு முன்னால் அவசரப்பட்டு இழுத்தால், ஷாஃப்ட் தப்பான பக்கம் வளைகிறது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அந்தக் காத்திருப்பு ஒரு நொடியில் சிறு பங்குகூட இல்லை, ஆனால் கைக்கு அது நீண்ட நேரமாகத் தெரிகிறது.

ஏழாவது பந்து அப்படிக் காத்திருந்து அடித்தது. சத்தமே வேறு. மண்ணின் டப்பென்ற சத்தம் இல்லாமல், டிக் என்று சுருக்கமாக ஒரு சத்தம், அப்புறம் புல். பந்து போன திசையை நான் பார்க்கவே இல்லை, புல்லைத்தான் பார்த்தேன். டிவட், அதாவது கிளப் புல்லைப் பெயர்த்த தடம், பந்து இருந்த இடத்துக்கு முன்பக்கம் தொடங்கியிருந்தது.

இந்த ஒன்றுக்காகவே இந்தக் கருவி வாங்கத் தகும். விறைப்பான ஷாஃப்ட்டில் தவறு செய்தாலும் பந்து எப்படியோ போய்விடும், அதனால் தவறு தெரியாது. இதில் உச்சியில் பதறினால் அந்த நொடியே தெரிந்துவிடும். ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்வதைவிட இது வேகமாகச் சொல்லும், ஏனென்றால் டவுன்ஸ்விங் முழுவதற்குமே ஏறக்குறைய கால் நொடிதான் ஆகிறது. அதற்குள் வேறு யாரும் எதையும் சொல்லித் திருத்த முடியாது. நல்ல ஆட்டக்காரர்களுக்கு பேக்ஸ்விங் நேரம் டவுன்ஸ்விங்கைப் போல மூன்று மடங்கு இருக்கும் என்பது பல வருடமாக அளந்து பார்த்துச் சொல்லப்படும் கணக்கு. தொளதொள ஷாஃப்ட்டில் அந்தத் தாளம் இல்லாவிட்டால் பந்தையே தொட முடியாது.

சரி, இப்போது விளக்கத் தாளுக்கு வருகிறேன்.

அதில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது, லேக்கை இம்பாக்ட் (பந்தில் கிளப் படும் கணம்) வழியாகவும் விடாமல் பிடித்துவையுங்கள் என்பது. ஷாஃப்ட் பின்னால் வளைந்த நிலையிலேயே பந்தைத் தாண்டவேண்டும் என்று ஒரு படமும் இருந்தது. நான் அதைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினேன். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, கோணம் அவிழாமல் கையைப் பந்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனேன். முதல் இரண்டு நாள் பந்து தாழ்வாகவும் வேகமாகவும் போனது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் வலப்பக்கம் போகத் தொடங்கியது. மூன்றாவது வாரம் என் சாதாரண ஏழாம் அயர்னை எடுத்தபோது, ஐந்தில் ஒரு பந்து ஷாங்க். தலையும் ஷாஃப்ட்டும் சேரும் ஹோசல் பகுதியில் பட்டு நேராகப் பக்கவாட்டில் பறந்தது, பக்கத்து இடத்தில் அடித்துக்கொண்டிருந்தவர் பின்னால் நகர்ந்து நின்றார். முழங்கையின் உட்பக்கம் வலிக்கவும் தொடங்கியது.

காரணம் புரிய எனக்கு நாளானது. புரிந்த பிறகு அது இவ்வளவு எளிதா என்று தோன்றியது, அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

இம்பாக்ட் என்று நாம் சொல்வது எவ்வளவு நேரம்? பந்தும் ஃபேஸும் (தலையின் அடிக்கும் பக்கம்) ஒட்டியிருப்பது ஏறக்குறைய அரை மில்லி நொடி. டூர் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரின் ஏழாம் அயர்ன் தலை வேகம் சராசரி ஏறக்குறைய மணிக்கு 90 மைல் என்று ஸ்விங்கை ரேடாரால் அளக்கும் டிராக்மேன் நிறுவனம் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. அந்த வேகத்தில் அரை மில்லி நொடியில் தலை நகரும் தூரம் இரண்டு சென்டிமீட்டர், பந்தின் விட்டத்தில் பாதிகூட இல்லை. பந்து பட்டதைக் கை உணர்வதற்கே அதைவிட அதிக நேரம் வேண்டும். பட்ட அதிர்ச்சி ஷாஃப்ட் வழியாக மேலே ஏறிக் கைக்கு வந்து, கை ஏதாவது செய்து, அது திரும்பக் கீழே இறங்குவதற்குள் பந்து எப்போதோ போயிருக்கும். 1960களில் பிரிட்டனில் விஞ்ஞானிகள் கோல்ஃப் ஸ்விங்கை ஆராய்ந்தபோது, தலைக்குச் சற்று மேலே ஷாஃப்ட்டில் கீல் வைத்த ஒரு கிளப்பால் பந்தை அடித்துப் பார்த்தார்கள். கீல் தொளதொளவென்று ஆடும், கையிலிருந்து தலைக்கு எந்தப் பிடிமானமும் போகாது. ஆனாலும் பந்து ஏறக்குறைய வழக்கமான தூரம் போனது. அந்த நேரத்தில் பந்தை அடிப்பது தலை மட்டும்தான், அது அதுவரை சேர்த்துக்கொண்டு வந்த வேகம் மட்டும்தான். இம்பாக்ட் நடக்கும்போது எதையாவது பிடித்துவைத்துப் பந்துக்கு வலு சேர்க்கலாம் என்பது நடக்காத காரியம்.

அடுத்தது இன்னும் முக்கியம். கயிற்று நுனியில் ஒரு கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். வேகம் கூடக் கூடக் கயிறு கையிலிருந்து நேராக நீளும், அதை மடக்கிவைக்க உங்களால் முடியாது. கிளப்பும் அதேதான். ஏழாம் அயர்ன் தலையின் எடை ஏறக்குறைய 270 கிராம். அதை 90 மைல் வேகத்தில் வட்டத்தில் இழுத்துக்கொண்டு வந்தால், அது வெளிப்பக்கம் இழுக்கிற விசை 25, 30 கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமமாக இருக்கும். ஒன்றரை மீட்டர் ஆரம் என்று வைத்துக்கொண்டு நான் போட்டுப் பார்த்த கணக்கு இது, முன்பின் இருக்கலாம், ஆனால் மணிக்கட்டால் எதிர்த்துக் கோணத்தை மடக்கியே வைத்திருக்கிற விசை இல்லை. அந்த விசைதான் கோணத்தை அவிழ்க்கிறது. அவிழ்ந்தே ஆகவேண்டும், அவிழ்வதில்தான் கையின் வேகம் தலைக்குப் போய்ச் சேருகிறது. கை கொஞ்சம் மெதுவாக, தலை பாய்ந்து முன்னேறும். சாட்டையைச் சொடுக்குகிறவர் கையைக் கடைசிவரை முன்னால் இழுத்துக்கொண்டே போவதில்லை, கை நிற்கிறது, நுனி பறக்கிறது.

நான் செய்தது அந்த அவிழ்ச்சியை மணிக்கட்டால் தடுத்தது. தடுத்ததால் ஃபேஸ் இலக்குப் பக்கம் திரும்பி மூட நேரமில்லாமல், வலப்பக்கம் பார்த்துத் திறந்தே வந்தது, அதனால் பந்து வலப்பக்கம் போனது. அதைச் சரிசெய்ய உடம்பு தானாகப் பந்தை நோக்கி முன்னால் தள்ளியது, அதனால் ஷாங்க். எல்லாம் ஒரே தவறின் பிள்ளைகள்.

அதிவேகக் கேமராவில் எடுத்த படங்களில் இன்னொன்றும் தெரியும். பந்தில் படும் நேரத்தில் ஷாஃப்ட் பின்னால் வளைந்திருக்காது, லேசாக முன்னால் வளைந்திருக்கும். தலையின் எடை மையம் ஷாஃப்ட்டின் கோட்டில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருப்பதால், அந்த வெளி இழுப்பு தலையை முன்பக்கம் தள்ளுகிறது. ஆகவே அந்தத் தாளில் இருந்த படமே தவறு. இந்தத் தொளதொள ஷாஃப்ட்டில் இந்த முன்வளைவு இன்னும் அதிகம், லாஃப்ட் கூடும், ஃபேஸும் கொஞ்சம் மூடும். பயிற்சிக் கிளப்பால் நன்றாக அடித்த பந்து வழக்கத்தைவிட உயரமாக, சற்று இடப்பக்கம் போவது இதனால்தான். இதை யாரும் சொல்லாததால் நான் பந்து பறப்பதைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருந்தேன், திருத்தியது எல்லாம் தப்பான திசையில். இந்தக் கிளப்பை வைத்து அடிக்கும்போது பந்து எங்கே போகிறது என்று பார்க்காதீர்கள். சத்தத்தைக் கேளுங்கள், டிவட்டைப் பாருங்கள், போதும்.

அப்படியானால் இம்பாக்ட் வழியாக லேக்கைக் காப்பது என்று பெரிய ஆட்டக்காரர்கள் சொல்வதெல்லாம் பொய்யா என்றால், இல்லை. அவர்கள் சொல்வது ஒரு உணர்வை. அமெரிக்காவின் ஹோமர் கெல்லி 1969ல் வெளியிட்ட நூலில் கிளப்ஹெட் லேக்கைத்தான் ஆட்டத்தின் மையமாக வைத்தார். அதைக் கண்ணால் பார்க்கும் கோணமாக மட்டும் விடாமல், கையில் உணர வேண்டிய ஓர் அழுத்தமாகவும் விளக்கினார். கையில் நான்கு அழுத்தப் புள்ளிகளுக்கு எண் கொடுத்தார், மூன்றாவது புள்ளி வலது கை ஆள்காட்டி விரலின் முதல் கணு ஷாஃப்ட்டில் படும் இடம். தலை பின்தங்கி வரும்போது ஷாஃப்ட் அந்தக் கணுவை அழுத்தும். கனமான கோடாலியைத் தோளுக்கு மேலிருந்து கொண்டுவரும்போது பிடி விரலில் அழுந்துமே, அதே அழுத்தம். தலையை முன்கூட்டி எறிந்துவிட்டால் அந்த அழுத்தம் பாதி வழியிலேயே காணாமல் போய்விடும். கடைசிவரை அது இருப்பது போல உணர்ந்தால், கை முன்னால் இருக்கிறது, இடது மணிக்கட்டு தட்டையாக இருக்கிறது, ஷாஃப்ட் பந்தைத் தாண்டும்போது இலக்குப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கோணம் அவிழ்ந்துகொண்டிருக்கும், ஆனால் தலை கையைத் தாண்டியிருக்காது. தாண்டுவது பந்து போன பிறகு.

இந்த அழுத்தத்தைக் கற்றுக்கொள்ளத் தொளதொள ஷாஃப்ட்டைப் போல ஒன்று நான் பார்த்ததில்லை. ஷாஃப்ட் வளைவதால் அழுத்தம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது, விரலுக்கு அதைப் படிக்க நேரம் கிடைக்கிறது. விறைப்பான கிளப்பில் அது வருவதும் போவதும் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு, பந்து இல்லாமல், கை இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும் ஆட்டிப் பார்த்தேன். கணுவில் அழுத்தம் எங்கே தொடங்கி எங்கே விடுகிறது என்று மட்டும் கவனித்தேன். முதலில் வலது தொடைக்கு நேராகவே விட்டுப்போனது. இரண்டு வாரத்தில் இடது தொடை வரை வந்தது. அதற்காக நான் மணிக்கட்டில் எதுவுமே செய்யவில்லை, செய்ததெல்லாம் இடுப்பை நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே போனதுதான்.

நிஜமான விடை இடுப்பில்தான் இருக்கிறது, இந்தக் கருவியை விற்பவர்கள் அதை எங்கேயும் எழுதவில்லை. உடம்பு திரும்புவதை நிறுத்தினால் கை நின்றுவிடும், கை நின்றால் தலை தாண்டிவிடும். அதை மணிக்கட்டால் ஈடுகட்ட முடியாது. இறங்கும்போது முதலில் எடை இடது காலுக்குப் போகவேண்டும், பிறகு இடுப்பு, பிறகு மார்பு, பிறகு கை, கடைசியில் கிளப். இந்த வரிசை சரியாக இருந்தால் லேக் தானாக இருக்கும், யாரும் பிடித்துவைக்க வேண்டியதில்லை. கிரிப்பையும் பார்த்துக்கொள்ளவேண்டும். இடது கைப்பிடி பலவீனமாக, அதாவது கை இலக்குப் பக்கம் அதிகம் திரும்பிய நிலையில் இருந்தால், ஃபேஸ் திறந்தே வரும். அப்போது உடம்பு அதை மூடத் தலையை எறிந்தே ஆகும். அப்படிப் பிடிப்பவருக்குக் காஸ்டிங் ஒரு நோய் அல்ல, திறந்த ஃபேஸுக்கு அவர் உடம்பு கண்டுபிடித்த மருந்து. கிரிப்பை மாற்றாமல் அந்த மருந்தை மட்டும் நிறுத்தினால் எல்லாப் பந்தும் வலப்பக்கம்தான். என் கதையும் பாதி இதுதான். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தபோது என் இடது கையில் ஒன்றரைக் கணுதான் எனக்குத் தெரிந்தது, இரண்டரை தெரிகிற வரை திருப்பிப் பிடித்த பிறகுதான் வலப்பக்கம் போவது நின்றது.

நான் இப்போது பயன்படுத்தும் முறையைச் சொல்கிறேன். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு, பந்து இல்லை. பயிற்சிக் கிளப்பால் மூன்று அரை ஸ்விங், டிவட் கோட்டுக்கு இலக்குப் பக்கம் தொடங்கவேண்டும். உடனே சாதாரண ஏழாம் அயர்னால் ஒரு பந்து. மறுபடி மூன்று, மறுபடி ஒன்று. மாற்றி மாற்றிச் செய்வதுதான் முக்கியம், அரை மணி நேரம் தொடர்ந்து இதை மட்டுமே அடித்தால் கை இந்த ஷாஃப்ட்டின் வேகத்துக்குப் பழகிவிடும், பிறகு நிஜக் கிளப் கையில் உலக்கை போல இருக்கும். தொடங்கிய அன்று என் இருபது டிவட்டில் பதிமூன்று கோட்டுக்குப் பின்னால் இருந்தன. மூன்றாம் மாதக் கடைசியில் நான்கு.

டிரைவருக்கு (தூர அடிக்கான நீளமான கிளப்) இதனால் எனக்குப் பலன் இல்லை. அங்கே பந்து டீ என்ற சிறு முளையின் மேல் இருக்கிறது, தலை மேல்நோக்கி எழும்போது படுவது நல்லது, கை ஏறக்குறைய பந்துக்கு நேராக இருந்தால் போதும். இங்கே கற்ற முன்சாய்வை அங்கே கொண்டுபோனால் பந்து தாழ்ந்துவிடும். லாஃப்ட் அதிகமுள்ள குட்டைக் கிளப்பான வெட்ஜுக்கும் கவனம் வேண்டும், முன்சாய்வு அதிகமானால் முன்விளிம்பு மண்ணில் குத்தும்.

குறைகளில் ஒன்று என்னை நிஜமாகவே கோபப்படுத்தியது. ஆறாவது வாரத்தில் கிரிப் ஷாஃப்ட்டின் மேல் சுழலத் தொடங்கியது. கொஞ்சம்தான், ஒரு டிகிரி இரண்டு டிகிரி, ஆனால் ஃபேஸ் நேராக இருக்கிறது என்று நம்பிப் பிடித்தால் அது திறந்திருந்தது. தவறான ஃபேஸை நான் ஒரு வாரம் பயிற்சி செய்திருக்கிறேன். கையுணர்வைக் கற்றுத்தரும் கருவியில் பிடியே நகர்ந்தால் அதற்கு என்ன மதிப்பு? எழுதிக் கேட்டதற்கு, ஈரக்கையால் பிடித்ததால் இருக்கலாம் என்று பதில் வந்தது. கடைசியில் நானே கிரிப்பைக் கழற்றிப் புது டேப் சுற்றி மறுபடி மாட்டினேன், அதன் பிறகு நகரவில்லை. வாங்கினால் முதல் நாளே கிரிப்பின் கீழ் விளிம்பிலும் ஷாஃப்ட்டிலும் சேர்த்து ஒரு சின்னக் கோடு போட்டுவையுங்கள், நகர்ந்தால் தெரியும்.

ரவுண்டு ஆடப் போகும்போது இதைக் காரிலேயே விட்டுவிடுங்கள். ஆட்டத்தின் நடுவே பயிற்சிக் கருவியால் ஸ்விங் செய்து பார்ப்பது கோல்ஃப் விதி 4.3க்கு எதிரானது, முதல் முறை பொதுத் தண்டனை (இரண்டு அடி கூடும், மேட்ச் ப்ளே என்றால் அந்தக் குழியை இழக்கவேண்டும்), இரண்டாவது முறை ஆட்டத்திலிருந்தே நீக்கம். முதல் குழி ஆட்டம் தொடங்கும் இடத்துக்குப் போவதற்கு முன்னால் வேண்டிய மட்டும் வீசிக்கொள்ளலாம்.

யாருக்கு வாங்கச் சொல்வேன் என்றால், உச்சியில் பதறுகிறவர்களுக்கு, ஏழாம் அயர்ன் உயரமாகப் போய்த் தூரம் போகாதவர்களுக்கு. பந்து ஏற்கெனவே தாழ்வாக வலப்பக்கம் போகிறவர்கள் வாங்கவேண்டாம், முதலில் கிரிப்பைச் சரிசெய்யுங்கள். முழங்கை வலி உள்ளவர்கள் வேகத்தைக் குறைத்துத் தொடங்குங்கள். புதிதாக ஆடத் தொடங்கியவர்களுக்கு இது தேவையே இல்லை, ஒரு நீளமான துண்டின் நுனியில் முடிச்சுப் போட்டு வீசிப் பார்த்தால் பாதிப் பாடம் கிடைத்துவிடும். முடிச்சு முதுகில் வந்து தட்டும் வரை காத்திருந்து வீசினால் சரி, தட்டும் முன் இழுத்தால் துண்டு சுருண்டு விழும். அந்தப் பாடம் போதாமல் இன்னும் வேண்டும் என்று தோன்றும்போது இந்தக் கிளப்பை வாங்கலாம்.

விளக்கத் தாளைத் திருத்துகிற வாய்ப்பு எனக்குக் கிடைத்தால் அந்தப் பெரிய எழுத்து வரியை எடுத்துவிட்டு, உச்சியில் காத்திருங்கள், திரும்பிக்கொண்டே இருங்கள் என்று இரண்டு வரி மட்டும் போடுவேன்.

நான்காம் மாதத்தில் வேண்டுமென்றே இரண்டு வாரம் இதைத் தொடாமல் இருந்து பார்த்தேன், கருவி இல்லாமல் நிற்குமா என்று தெரியவேண்டியிருந்தது. முதல் வாரம் டிவட் எல்லாம் கோட்டுக்கு முன்னால். இரண்டாவது வாரக் கடைசியில், களைத்திருந்த ஒரு மாலையில், இருபதில் எட்டு பின்னால் போய்விட்டன. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் முதல் பந்தை வைப்பதற்கு முன்னால் இதால் பத்து அரை ஸ்விங், கண்ணை மூடிக்கொண்டு, விரல் கணுவை மட்டும் கவனித்து.